கூட்டத்தை நடத்தத் தெரிந்தவர்கள் எங்கே?

சென்னைப் பெருநகரின் மூன்றாவது மாஸ்டர் பிளான் 2027 தொடங்கி 2046 வரைக்குமானது. இதற்கு முந்தைய இரண்டு பிளான்களும் 1,189 சதுர கிலோமீட்டர் பரப்புக்குள் அடங்கின. 2022 அக்டோபரில் பெருநகரின் எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் இன்றும் ஏரிப் பாசனத்தில் நெல் விளைகிற எத்தனையோ ஊர்கள் இப்போது அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன. எந்த நிலம் வீடுகளுக்கு, எது தொழிற்சாலைக்கு, எந்தச் சாலை அகலமாகும், எந்த நீர்ப்பிடிப்பு தொடப்படாமல் இருக்கும் என்பதையெல்லாம் தீர்மானிக்கப்போகும் ஆவணம் இது. நகர் ஊரமைப்புச் சட்டப்படி, வரைவை வெளியிட்டு மக்களின் ஆட்சேபங்களையும் யோசனைகளையும் கேட்டாக வேண்டும். கேட்கவும் செய்வார்கள். ஆனால் ஒரு தெருவில் பத்துப் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, அவர்களுக்குத் தெரிந்ததை அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து, அதைத் திட்டமிடுபவருக்குப் பயன்படும் வடிவில் எழுதிக் கொடுக்கத் தெரிந்த ஆட்கள் நம்மிடம் எத்தனை பேர்? மாஸ்டர் பிளானுக்காகக் கலந்தாலோசகர்களை அமர்த்துகிறோம், செயற்கைக்கோள் படங்கள் வாங்குகிறோம். மக்களோடு பேசுவதை மட்டும் யார் வேண்டுமானாலும் செய்துவிடலாம் என்று விட்டுவிடுகிறோம். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது. மக்களோடு பேசுவது பயிற்சி வேண்டிய ஒரு தொழில்; அதற்கான ஆட்களை உருவாக்காமல் நடத்தப்படும் எந்தக் கருத்துக்கேட்பும் சட்டத்துக்குக் கணக்குக் காட்டுவதோடு முடிந்துவிடும்.

வழக்கமான கருத்துக்கேட்புக் கூட்டம் எப்படி நடக்கும் என்பது எல்லோரும் அறிந்தது. கல்யாண மண்டபமோ சமுதாயக் கூடமோ இருக்கும். மேடையில் அதிகாரிகளும் மக்கள் பிரதிநிதிகளும் அமர்ந்திருப்பார்கள். திரையில் பெரும்பாலும் ஆங்கிலத்தில் ஒரு படக்காட்சி ஓடும். பிறகு ஒரே ஒரு மைக். அது முதலில் குடியிருப்போர் நலச்சங்கச் செயலாளரிடம் போகும், அடுத்து கட்சிக்காரரிடம், அதற்கடுத்து பல வருடமாக ஒரே மனுவோடு அலைகிற பெரியவரிடம். தெருவிளக்கு எரியவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது, குப்பை வண்டி வரவில்லை. எல்லாம் நியாயமான குறைகள்தான். ஆனால் அடுத்த இருபது ஆண்டில் ஊர் எந்தப் பக்கம் வளர வேண்டும் என்பதற்கான விடை அவற்றில் நேராகக் கிடைக்காது. 'குறித்துக்கொண்டோம், ஆவன செய்யப்படும்' என்பதோடு கூட்டம் கலையும். மக்களுக்குத் திட்டமிடல் புரியவில்லை என்று அதிகாரிகள் முடிவு கட்டுகிறார்கள். சொன்னால் எதுவும் நடக்காது என்று மக்கள் முடிவு கட்டுகிறார்கள். முந்நூறு பேருக்கு முன்னால் மைக்கை வைத்து 'உங்கள் கருத்து என்ன?' என்று கேட்டால் மனுதான் வரும். விடியற்காலையிலேயே வேலைக்குக் கிளம்பிவிடும் தூய்மைப் பணியாளரும், நான்கு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் பெண்ணும், சக்கர நாற்காலியில் இருப்பவரும் அந்த மண்டபத்துக்கே வந்திருக்க மாட்டார்கள். வந்தாலும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்துவிட்டுப் போவார்கள்.

யார் பேசுகிறார்கள், யாருடைய பேச்சுக்குப் பதில் கிடைக்கிறது என்பதை அளந்தே பார்த்திருக்கிறார்கள், அதுவும் தமிழ்நாட்டிலேயே. ரம்யா பார்த்தசாரதி, விஜயேந்திர ராவ், நேத்ரா பழனிசாமி ஆகிய மூவரும் நம் கிராம சபைகளில் பேசப்பட்டதை எழுத்தாக்கி, கணினியின் துணையோடு ஆராய்ந்து, 2019-இல் அமெரிக்க அரசியல் அறிவியல் சங்கத்தின் ஆய்விதழில் வெளியிட்டார்கள். கிராம சபை வெறும் பேச்சுக் கச்சேரி அல்ல, அங்கே சாதாரண மக்கள் பொறுப்பில் இருப்பவர்களைக் கேள்வி கேட்கிறார்கள், ஊரின் உண்மையான தேவைகளை எடுத்துவைக்கிறார்கள் என்பது அவர்கள் கண்ட முதல் செய்தி. அடுத்தது கசப்பானது. பெண்கள் ஆண்களைவிடக் குறைவாகப் பேசுகிறார்கள். எதைப் பற்றிப் பேசுவது என்பதைத் தீர்மானிப்பதிலும் பின்தங்குகிறார்கள். பேசிய பிறகும், கேட்டதற்குப் பொருத்தமான பதில் அவர்களுக்குக் குறைவாகவே கிடைக்கிறது. மூன்றாவது செய்தியைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். ஊராட்சித் தலைவர் பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடங்களில் பெண்களின் பேச்சு காதில் விழும் வாய்ப்பு கூடியிருக்கிறது. அதே சட்டம், அதே மாதிரியான கூட்டம். நடத்துகிற இடத்தில் இருப்பவர் மாறியதும் கேட்கப்படும் குரலும் மாறுகிறது. அமெரிக்காவில் கிறிஸ்டோஃபர் கார்போவிட்ஸ், டாலி மெண்டல்பெர்க் இருவரும் சிறு குழுக்களை வைத்துச் செய்த ஆய்வும் இதற்குத் துணை நிற்கிறது. பெண்கள் சிறுபான்மையாக இருக்கும் குழுவில் பெரும்பான்மை வாக்கால் முடிவெடுத்தால் அவர்கள் தங்கள் பங்குக்கும் குறைவாகவே பேசுகிறார்கள். அனைவரும் ஒப்பினால்தான் முடிவு என்று விதியை மாற்றினால் அந்த இடைவெளி சுருங்குகிறது. கூச்சம், கல்வியின்மை என்று நாம் தள்ளிவிடும் மௌனத்தில் ஒரு பெரும் பங்கு, கூட்டம் அமைக்கப்பட்ட விதத்திலிருந்து வருகிறது. அமைப்பை மாற்ற முடியும். மாற்றத் தெரிந்த ஒருவர் வேண்டும். அவரை நெறியாளர் என்று அழைப்போம்.

சிறுகுழுக் கலந்துரையாடல் என்ற முறை நேற்று முளைத்ததல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் வானொலி நிகழ்ச்சிகளைக் கேட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று அறியக் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில் அது வடிவம் பெற்றது. சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டனும் பேட்ரிஷியா கெண்டலும் 1946-இல் எழுதிய கட்டுரையில் அதற்கான இலக்கணத்தை வகுத்தார்கள். கேட்பவர் பதிலை முன்கூட்டியே ஊட்டக் கூடாது. பொதுப்படையான பேச்சிலிருந்து குறிப்பான செய்திக்கு வர வேண்டும். எதிர்பாராத விஷயங்களுக்கும் இடம் இருக்க வேண்டும். சொல்பவரின் வாழ்க்கையோடு அந்தக் கருத்து எங்கே ஒட்டியிருக்கிறது என்பதுவரை போக வேண்டும். பிறகு இந்த முறையை சோப்பு விற்பவர்களும் தேர்தல் வியூகக்காரர்களும் எடுத்துக்கொண்டு வளர்த்தார்கள். சோப்பின் வாசனையைப் பற்றி விசாரிப்பதற்குக்கூடப் பயிற்சி பெற்ற ஆளை அனுப்புகிறது ஒரு நிறுவனம். ஒரு குடும்பம் அடுத்த தலைமுறைவரை எங்கே வாழும் என்பதை விசாரிக்க நாம் அந்த அளவு அக்கறைகூடக் காட்டுவதில்லை என்பது எனக்கு வேதனையாக இருக்கிறது.

நகரத் திட்டமிடலில் இந்தக் கலையின் நுட்பம் கேள்வியில் இருக்கிறது. பெரும்பாக்கத்திலோ கண்ணகி நகரிலோ மறுகுடியமர்த்தப்பட்ட பெண்களிடம் 'பொதுப் போக்குவரத்தைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?' என்றால் 'பஸ் சரியில்லைங்க' என்ற ஒரு வரிதான் கிடைக்கும். 'நேத்து வேலைக்கு எப்படிப் போனீங்க? வீட்டிலேர்ந்து எத்தனை மணிக்குக் கிளம்பினீங்க? எங்கே மாறி ஏறினீங்க? திரும்பி வரும்போது இருட்டிடுச்சா?' என்று கேட்டால் ஒரு நாள் முழுவதும் விரியும். பஸ்ஸுக்குக் கொடுத்த காசு, காத்திருந்த நேரம், அதனால் கைவிட்ட வீட்டு வேலை, பள்ளியிலிருந்து திரும்பிய மகள் தனியாக இருந்த இரண்டு மணி நேரம் எல்லாம் வரும். குடியிருப்பை வேலையிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு அப்பால் தள்ளிவைப்பதன் விலை என்ன என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எந்தப் போக்குவரத்து மாதிரியிலும் கிடைக்காது. வெள்ளமும் அப்படித்தான். 2015 டிசம்பரில் அடையாற்றங்கரையின் முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து முதலில் வந்தது, எந்தச் சுவர் அதைத் தடுத்தது, எந்தக் கல்வெர்ட்டில் அடைத்துக்கொண்டது, எத்தனை நாளில் எந்த வழியாக வடிந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்கு வீட்டுக்கு வீடு தெரியும். பெருநகருக்குள் புதிதாக வந்திருக்கும் ஊர்களில் ஆயக்கட்டு விவசாயிகளைக் கேட்டால் ஏரியின் கலங்கல் எங்கே, உபரி நீர் போகிற போக்குக் கால்வாய் எந்த சர்வே எண்களில் ஓடுகிறது, எது பட்டாவாக மாறிவிட்டது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். வருவாய்த் துறையின் வரைபடத்தில் அது பழைய கோடாக இருக்கலாம், சில இடங்களில் இல்லாமலே போயிருக்கலாம்.

விரல் வைத்துக் காட்ட ஒரு படம் வேண்டுமே. மாஸ்டர் பிளானின் நிலப் பயன்பாட்டு வரைபடத்தை அப்படியே தரையில் விரித்தால் யாருக்கும் தலைகால் புரியாது. முதலில் கோயில், ரேஷன் கடை, பள்ளிக்கூடம், டாஸ்மாக், கண்மாய், பஸ் நிறுத்தம் என்று அவர்களே சாக்பீஸால் தங்கள் ஊரைத் தரையில் வரைய வேண்டும். பிறகு அரசின் படத்தை அதன் பக்கத்தில் வைக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டில்தான் உரையாடல் தொடங்கும். எல்லோரும் ஒரே உயரத்தில் வட்டமாக உட்கார்வது, யார் வீட்டு வாசலில் அல்லது எந்தக் கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்தால் யார் வரத் தயங்குவார்கள் என்பதை முன்கூட்டியே விசாரிப்பது, சாதியால் பிரிந்த ஊரில் முதலில் தனித்தனிக் குழுக்களாகப் பேசிவிட்டுப் பிறகு ஒன்றாகக் கூடுவது, வீட்டு வேலைக்காரப் பெண்களுக்கு மதியமும் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு இரவும் நேரம் ஒதுக்குவது ஆகியவையும் பயிற்சியின் பாடங்களே. ஒருவரே பேசிக்கொண்டிருந்தால் அவர் மனம் நோகாமல் பேச்சை அடுத்தவரிடம் கொண்டுபோகத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், எழுதத் தெரிய வேண்டும். 'பொதுமக்கள் வரவேற்றனர்' என்ற வரி அறிக்கை ஆகாது. யார் எதை ஏன் சொன்னார்கள், எங்கே உடன்படவில்லை, எந்தக் கேள்விக்கு மௌனம் நிலவியது என்பது அவர்களின் சொற்களிலேயே பதிய வேண்டும். இரண்டு நாள் விரிவுரையில் இது வராது. அனுபவசாலி ஒருவர் பக்கத்தில் இருக்க, நாலைந்து குழுக்களை நடத்தி, ஒலிப்பதிவைத் திரும்பக் கேட்டு, தான் எங்கே குறுக்கே பேசினோம் என்று உணர்ந்த பிறகுதான் வரும்.

இவ்வளவு பெரிய அளவில் யாருக்குப் பயிற்சி தர முடியும் என்று மலைக்க வேண்டியதில்லை. கேரளம் 1996-இல் மக்கள் திட்டத்தைத் தொடங்கி, மாநிலத் திட்ட நிதியில் 35 முதல் 40 சதவீதம்வரை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்க முடிவு செய்தபோது, பணத்தோடு ஆட்களையும் தயார் செய்தது. மாநில அளவில் சுமார் 600 பேருக்கு ஏறத்தாழ இருபது நாள் பயிற்சி. அவர்கள் வழியாக மாவட்ட அளவில் சுமார் 12,000 பேருக்குப் பத்து நாள். ஊர் அளவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் குறைந்தது ஐந்து நாள். கிராம சபையைப் பொதுக்கூட்டமாக விடாமல், விவசாயம், குடிநீர், கல்வி என்று துறைவாரியாகச் சிறு குழுக்களாகப் பிரித்தார்கள். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் தனிக் குழுக்கள் வைத்தார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் பயிற்சி பெற்ற ஒருவர் இருந்தார். குறைகள் இல்லாமல் இல்லை. முதல் ஆண்டில் வந்தவர்களில் பெண்கள் கால்பங்கை ஒட்டியே இருந்தார்கள், பிறகுதான் கூடினார்கள். கட்சிச் சண்டைகள் இருந்தன, ஆண்டுகள் போகப்போக உற்சாகமும் குறைந்தது. ஆனாலும் மக்களிடம் கேட்பதற்கு முன் கேட்பவர்களைப் பயிற்றுவிக்க வேண்டும் என்ற அந்த வரிசையை அவர்கள் சரியாகப் பிடித்தார்கள். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் அமைப்பும் எழுத்தறிவு இயக்கமும் முன்பே உருவாக்கி வைத்திருந்த ஆட்கள் அவர்களுக்குக் கைகொடுத்தார்கள்.

நம்மிடமும் அந்த மண் இருக்கிறது. எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கத்தில் ஊர் ஊராகப் போய்ப் பழகிய ஒரு தலைமுறை இங்கே உண்டு. வறுமை ஒழிப்புக்கான புது வாழ்வுத் திட்டத்தில் ஊரின் ஏழைகள் யார் என்பதைக் கிராம மக்களே கூடி அடையாளம் கண்டு, கிராம சபையில் வைத்து ஒப்புதல் பெற்றார்கள். 2021-இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்துக்குச் சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் கிடைத்தார்கள், பெரும்பாலோர் அந்தந்தத் தெருப் பெண்கள். மறைமலை நகரில் மாநில ஊரக வளர்ச்சி மற்றும் ஊராட்சி நிறுவனமும், கோவையில் நகரியல் பயிற்சி நிறுவனமும் இருக்கின்றன. சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் ஆண்டுதோறும் கல்லூரிகளிலிருந்து வெளிவருகிறார்கள். இவர்கள் போய் அமர்வதற்கான இடத்தையும் சட்டம் ஏற்கெனவே அமைத்துத் தந்திருக்கிறது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கான 2022 விதிகளின்படி ஒவ்வொரு வார்டுக்கும் வார்டு குழுவும் அதன்கீழ் பகுதி சபைகளும் உண்டு. அந்த ஆண்டு நவம்பர் 1 உள்ளாட்சி நாளில் அவை கூட்டப்பட்டன. ஆனால் பகுதி சபையும் குறைதீர்க்கும் கூட்டமாகவே நடந்தால் பழைய மண்டபத்தைச் சின்னதாக்கியதைத் தவிர வேறு பயன் இல்லை. இன்னொரு குறையும் கவனிக்கத்தக்கது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் அந்தச் சபை. சொந்த ஊரில் ஓட்டு வைத்திருக்கும் வாடகைதாரருக்கும், கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார் தொழிலாளருக்கும் அங்கே இடமில்லை. நெறியாளர் நடத்தும் சிறுகுழு அவர்களையும் தேடிப் போக முடியும். அவர்கள் மொழி தெரிந்த ஒருவரை உடன் அழைத்துப் போகவும் முடியும்.

மக்கள் தேர்ந்தெடுத்த கவுன்சிலர் இருக்கும்போது நடுவில் இன்னொருவர் எதற்கு என்று கேட்பார்கள். கவுன்சிலர்களின் அந்தக் கோபத்தை நான் மதிக்கிறேன். 2016-இல் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தலே நடக்காமல் ஐந்தாண்டுக்கும் மேல் கிடந்த நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு 2022-இல்தான் பிரதிநிதிகள் வந்தார்கள். அவர்களின் அதிகாரத்தை மேலும் பிடுங்கக் கூடாது. நெறியாளருக்கு முடிவெடுக்கும் அதிகாரம் எதுவும் கிடையாது. கவுன்சிலருக்கு ஒரு நிலைப்பாடு இருக்கும், இருக்கவும் வேண்டும். அதனாலேயே அவர் முன்னால் அவருக்கு எதிரான கருத்தைச் சொல்ல அடுத்த வீட்டுக்காரர் தயங்குவார். அறிக்கை கவுன்சிலரிடமும் வார்டு குழுவிடமும்தான் போய்ச் சேர வேண்டும். அது கையில் இருந்தால் மாநகராட்சி மன்றத்தில் அவர் பேச்சுக்குக் கனம் கூடும். காலமும் பணமும் வீண் என்பது இன்னொரு எதிர்ப்பு. மெரினா லூப் சாலையை எண்ணிப் பார்க்கலாம். நகரத்துக்கு அது வண்டி ஓடும் சாலை. நொச்சிக்குப்பம் மீனவர்களுக்கு அது வலை உலர்த்துகிற, மீன் விற்கிற கரை. 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்ற உத்தரவையொட்டிக் கடைகள் அகற்றப்பட்டபோது மீனவர்கள் சாலையை மறித்துப் போராடினார்கள். மீன் அங்காடி திறக்க 2024 ஆகஸ்ட் ஆனது. ஓர் இடத்தை இரு தரப்பும் இரு விதமாகப் பார்க்கிறார்கள் என்ற செய்தி போலீஸ் நிற்கும் சாலையில் வெளிப்படுவதைவிட, வரைபடத்தின் முன் சில மாலைகள் உட்கார்ந்து வெளிப்படுவது எல்லோருக்கும் செலவு குறைவு.

எல்லாவற்றிலும் கடுமையான எதிர்ப்பு ஒன்று உண்டு. இது சம்மதத்தைத் தயாரிக்கும் தந்திரமாகிவிடாதா? ஏற்கெனவே முடிவு செய்த திட்டத்துக்கு, இனிமையாகப் பேசத் தெரிந்த ஆளை அனுப்பித் தலையாட்ட வைத்து, 'கலந்தாலோசித்தோம்' என்று எழுதிக்கொள்ள மாட்டார்களா? இந்த அச்சம் நியாயமானது. இந்த முறையின் வரலாற்றிலேயே விளம்பரக்காரர்கள் இருக்கிறார்கள். திறமை எப்போதும் கூலி கொடுப்பவர் பக்கம் சாயக்கூடியது. அதனால் நெறியாளரைத் திட்டத்தை நடத்தும் துறையோ அதன் ஒப்பந்த நிறுவனமோ அமர்த்தக் கூடாது. பல்கலைக்கழகம் போன்ற தனி அமைப்பின்கீழ் இருந்து, அங்கிருந்தே சம்பளம் பெற வேண்டும். கூட்டத்தின் தொடக்கத்திலேயே எது இன்னும் முடிவாகவில்லை, எது முடிவாகிவிட்டது என்று ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முடிவாகிவிட்டதைப் பற்றி 'உங்கள் யோசனை' என்று கேட்பது மக்களை அவமதிப்பது. 'இந்தத் திட்டமே வேண்டாம்' என்பதும் முழுமையான பதில்தான். அதை எழுத மறுக்கும் படிவம் எதையும் நெறியாளர் கையில் கொடுக்கக் கூடாது. ஊர் போராடுகிறது என்றால் போராட்டத்தை அணைக்க அவரை அனுப்பவும் கூடாது. மறியல் செய்யும் உரிமைக்கு மாற்றாக யாரும் சிறுகுழுவைக் காட்டிவிட முடியாது. பத்துப் பேர் சொன்னது பத்தாயிரம் பேரின் கருத்து ஆகாது என்பதும் சரி. எத்தனை பேர் என்று அறியக் கணக்கெடுப்பு இருக்கிறது. ஏன் என்று அறியத்தான் இந்தக் குழு. அதில் கைதூக்கச் சொல்லி வாக்கெடுத்து எண்ணிக்கை காட்டினால் அது பிழையான பயன்பாடு.

பயிற்சியைவிட எளிதில் மறக்கப்படுவது திரும்பிப் போவது. அறிக்கையை மேலே அனுப்புவதற்கு முன் அதே குழுவிடம் போய்ப் படித்துக் காட்ட வேண்டும். 'நாங்க இப்படிச் சொல்லலையே' என்று திருத்தினால் திருத்த வேண்டும். வரைவு வெளியான பிறகு இன்னொரு முறை போய், எது ஏற்கப்பட்டது, எது ஏற்கப்படவில்லை, என்ன காரணம் என்று சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சிஎம்டிஏ) தமிழில் எழுதித் தந்த பதிலை வாசிக்க வேண்டும். இதற்கான நாளும் பயணப்படியும் பணி ஆணையிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தன்னார்வத்தை நம்பி விட்டால் முதலில் உதிர்பவை இந்த மறுவருகைகள்தான். மாஸ்டர் பிளானுக்கு ஆகும் செலவில் இது பெரிய தொகை அல்ல. மாநிலம் முழுவதும் ஒரே நாளில் தொடங்க வேண்டும் என்பதும் இல்லை. மறுகுடியமர்வுப் பகுதிகள் சில, அடையாறு, கோவளம் வடிநிலங்களில் வெள்ளம் தொட்ட பகுதி சபைகள் சில, எல்லைக்குள் புதிதாகச் சேர்ந்த ஏரிக்கரை ஊர்கள் சில என்று எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் அந்த ஊர் பேச்சு தெரிந்த இருவரை, அதில் ஒருவராவது பெண்ணாக, ஒரு மாதம் பயிற்றுவித்து அனுப்பலாம். அவர்கள் கொண்டுவரும் முதல் நூறு அறிக்கைகளை, அதே இடங்களில் மண்டபக் கூட்டங்களில் பதிவான மனுக்களோடு பக்கத்தில் வைத்து, திட்டமிடுபவர்களே படித்துப் பார்க்கட்டும். எதை வைத்துக்கொண்டு கோடு போட முடியும் என்பதை அவர்களே சொல்லலாம்.